கஞ்சித் தண்ணீரில் தாடை சேராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 34 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம் என்று எங்கள் மையத்துச் சுவரிலேயே எழுதியிருக்கும். பருப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. போன ஆனியில் தாடை உடைந்த என் மகனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, கையில் தந்த தாளில் சாப்பாட்டைப் பற்றி இருந்தது இரண்டே சொல்: லிக்விட் டயட்.

பைக்கில் போகையில் நாய் குறுக்கே வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் மோவாயை மூடாத பாதி ஹெல்மெட். மண்டை தப்பியது, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டி, ஐந்து வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாந்தி வந்தால் கம்பியை வெட்ட ஒரு கட்டர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லி, எங்கே வெட்டுவது என்றும் காட்டினார்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்ய என்று கேட்டேன். "தண்ணியா எது வேணா குடுங்கம்மா."

தண்ணியாகவே கொடுத்தேன். அரிசிக் கஞ்சி, இளநீர், சாத்துக்குடி ஜூஸ். பத்தாம் நாள் மறுபடி காட்டப் போனபோது 68 கிலோ இருந்தவன் 62. மாடிப்படி ஏறினால் கிறுகிறுப்பு. அங்கிருந்த ஒரு நர்ஸ்தான், "கஞ்சித் தண்ணிய வச்சு எலும்பு எப்பிடிம்மா சேரும்? நாளைக்கு 80 கிராம் புரதமாவது போகணும்ல" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டைக் கணக்கு எழுதினவள் நான்.

அன்று ராத்திரியே நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். பால் ஒரு லிட்டரில் 32 கிராம். முட்டை மூன்றில் 18. துவரம்பருப்பு 50 கிராமில் 11. கோழிக்கறி 100 கிராமில் 20. கூட்டினால் 81, கணக்கு சரியாக வந்தது. கஞ்சித் தண்ணீரில் தம்ளருக்கு இரண்டு கிராம் தேறினால் அதிகம்.

அதுவரை கோழி சூப் என்று வடித்த தண்ணீரைத்தான் கொடுத்திருக்கிறேன். சத்தெல்லாம் சக்கையோடு குப்பைக்குப் போயிருக்கிறது. பிறகு கறியையும் சூப்போடு மிக்ஸியில் இரண்டு தடவை அரைத்து, டீ வடிகட்டியில் தேய்த்து இறக்கினேன். பக்கத்து வீட்டு மதினி முட்டையைப் பச்சையாக அடித்து ஊற்றச் சொன்னார். வாயில் புண்ணோடு இருப்பவனுக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாமென்று அவித்தே அரைத்தேன். வயிறு கொஞ்சம்தான் கொள்ளும் என்பதால் தம்ளருக்கு ஒரு ஸ்பூன் நெய். கடுகு, தக்காளி விதை, மிளகுத் தோல் மூன்றும் ஆகாது; கம்பிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 50 மில்லி சிரிஞ்சில் மெல்லிய ட்யூப் மாட்டி, கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் விட்டு, நிமிர்ந்து உட்காரவைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். தம்ளருக்கு இருபது நிமிடம், நாளைக்கு எட்டு தம்ளர். ஒவ்வொரு முறையும் உப்புப் போட்ட வெந்நீரில் வாய் அலசல்.

மூன்றாம் வாரம் இனிப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். பேச முடியாதே, "இட்லி சாம்பார்" என்று போனில் எழுதி அனுப்பினான். அரைத்தால் பார்க்கச் சகிக்காத நிறம். எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி மூடிக் கொண்டுபோனேன், இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் வடை சுட்ட அன்று மட்டும், "ஜன்னலைச் சாத்து" என்று ஒரு செய்தி.

கம்பி எடுத்த அன்று 63 கிலோ. எனக்கு அளவு தெரியும், மிக்ஸி இருக்கிறது, நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன். வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சர்க்கரைக்காரர். அவர் தாளிலும் அதே இரண்டு சொல்தான். அவர் சம்சாரம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர, 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. எங்களுக்கும் கைகொடுத்தது. அதன் பிறகான ஐந்து வாரம் அடுப்படியில்தான் நடக்கிறது. தாடைக்குக் கம்பி கட்டி அனுப்பும் ஒவ்வொருவருக்கும், என்ன, எவ்வளவு, எத்தனை வேளை என்று தமிழில் ஒரு பக்கம் கொடுங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தனித் தாள். வீட்டுக்கு அனுப்பும் முன் உணவு ஆலோசகர் ஒரு முறை கட்டிலுக்கு வரட்டும். வாரா வாரம் எடை பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை விழுங்க முடியாதவருக்கு மாத்திரை எழுதாமல், கிடைக்கிற மருந்தை சிரப்பாக எழுதுங்கள்.

என் நோட்டில் 25 நாள் கணக்கு வேளை வாரியாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் திருத்தித் தருவதாக இருந்தால், நகல் எடுக்கும் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
அருப்புக்கோட்டை.