கடைமடையிலிருந்து ஒரு நன்றி

அணையில் ஷட்டரை ஏற்றி இறக்கியவர்களுக்கும், வாய்க்கால் கரையோடு இரவெல்லாம் நடந்த பாசனப் பணியாளர்களான லஸ்கர்களுக்கும், கணக்குப் பார்த்த பொறியாளர்களுக்கும், வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடை விவசாயிகளுக்கும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையிலிருந்து வணக்கம்.

அறுவடை முடிந்தது. கடைசி நனைப்பு வரைக்கும் தண்ணீர் வந்தது. நன்றி சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பருவத்தின் நடுவில் திறப்பைக் குறைத்தபோது அலுவலக வாசலில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அப்போது மூன்று நாளாக நல்ல மழை. வயலில் தண்ணீர் நிற்கிறது, அதனால் குறைக்கிறோம் என்றீர்கள். நாளைக்கே மழை நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். பொறியாளர் கோபப்படாமல் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். வினாடிக்கு 1,000 கன அடி குறைத்தால் ஒரு நாளைக்கு 8.64 கோடி கன அடி அணையிலேயே நிற்கும். 12 நாள் அப்படிச் செய்தால் ஒரு டிஎம்சியை, அதாவது நூறு கோடி கன அடியைத் தாண்டிவிடும். "பயிர் பூக்கிற நேரத்துக்கு இது வேண்டாமா?" என்றார். சரி என்று தலையாட்டினேனே தவிர, மனம் ஆறவில்லை.

அப்புறம் வெயில் காய்ந்தது. பயிரும் பூத்தது. நாங்கள் மனு எழுத உட்கார்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது! அணையிலிருந்து இங்கே வந்து சேர நான்கு நாளாகும். நாங்கள் கேட்ட பிறகு திறந்திருந்தால் பாதிப் பூ கருகியிருக்கும். இன்னொன்றும் கவனித்தேன். குறைத்த நாட்களிலும் வாய்க்காலை முழுக்கக் காயவிடவில்லை, கொஞ்சம் ஓடவிட்டிருந்தீர்கள். காய்ந்த வாய்க்கால் முதலில் தானே குடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கீழே விடும்.

குறைத்ததையும் படிப்படியாகத்தான் செய்தீர்கள். பல வருடம் முன்பு ஓர் இரவில் மொத்தமாக மூடி, ஊறிப்போயிருந்த கரை மளமளவென்று சரிந்ததைப் பார்த்தவன் நான்.

லஸ்கர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்து அளவுகோலைப் பார்த்துப் போனில் சொன்னதும், மதகில் அடைத்த ஆகாயத்தாமரையை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்துப் போட்டதும் நீங்கள்தான்.

எங்கள் முறை வந்தபோது மடையை அடைத்துக்கொண்ட தலைமடைக்காரர்களுக்கும் நன்றி. எல்லாரும் அடைக்கவில்லை, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

பொறியாளர் சார், அந்தக் கணக்குத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை சத்தம் போடக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்