இணைப்பு ஏன் நடுவில் அறுந்தது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்களில் மூன்று பேர் ஒரே புகாரோடு கூப்பிட்டீர்கள். சரக்கு இருப்பைக் கேட்டு வாங்கும் புரோகிராம் நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது, எப்போதாவது ஒருமுறை மட்டும் 'கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்' (எதிர்ப்பக்கம் இணைப்பை அறுத்துவிட்டது) என்று பிழை வருகிறது, மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறது என்றீர்கள். ஒருவருக்கு இதே பிழையால் ஓர் ஆர்டர் இரண்டு தடவை பதிவாகி, சரக்கும் இரட்டிப்பாக வந்து இறங்கிவிட்டது. அவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். காரணத்தில் பாதி எங்கள் பக்கம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்த மடலை உங்கள் டெவலப்பரிடமும் காட்டுங்கள்.

உங்கள் புரோகிராம் எங்கள் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்து, ஒரு கோரிக்கை முடிந்ததும் அதை மூடாமல் அடுத்த கோரிக்கைக்கும் அதையே பயன்படுத்துகிறது. நல்ல பழக்கம். ஆனால் பேச்சே இல்லாமல் கிடக்கும் இணைப்பை எந்த சர்வரும் காலமெல்லாம் வைத்திருக்காது. அப்பாச்சி சர்வரின் இயல்பு அமைப்பு 5 விநாடி. நாங்கள் வைத்திருப்பது என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர், அதற்கு 75 விநாடி. மெமரியை மிச்சம் பிடிக்க நாங்கள் அதை 60 ஆகக் குறைத்து வைத்திருந்தோம். உங்களில் பலருடைய புரோகிராம் இருப்பைக் கேட்பதும் சரியாக 60 விநாடிக்கு ஒருமுறை. கடைக்காரர் ஷட்டரை இறக்கும் அதே நொடியில் ஆள் படியேறுவது போல ஆகிவிட்டது. 'மூடிவிட்டேன்' என்ற எங்கள் செய்தி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே உங்கள் கோரிக்கை எதிர்த்திசையில் கிளம்பிவிடுகிறது. பழைய இணைப்பை எடுக்கும் முன் அது உயிரோடு இருக்கிறதா என்று நல்ல லைப்ரரிகள் (இணைப்பு வேலையைக் கவனிக்கும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) பார்க்கத்தான் செய்கின்றன. செய்தி வழியில் இருக்கும் அந்தச் சில மில்லி விநாடிகள் மட்டும் எந்த லைப்ரரியின் கண்ணுக்கும் தெரியாது.

எங்கள் அமைப்பை மறுபடி 75 விநாடிக்கு மாற்றிவிட்டோம். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவர்களுக்குப் பிழை அநேகமாக நின்றிருக்கும். கேட்கும் இடைவெளி அதைவிட அதிகம் என்றால், ஒவ்வொரு முறையும் புது இணைப்பே திறந்துகொள்ளுங்கள். தொடர்ந்து கேட்பவர்கள், சும்மா கிடக்கும் இணைப்பை 70 விநாடிக்குள் உங்கள் பக்கமே மூடும்படி வையுங்கள். கோரிக்கை அனுப்புகிற பக்கமே முதலில் மூடினால் இந்த மோதலுக்கு இடமே இல்லை.

"எதற்கு வம்பு, எல்லாக் கோரிக்கைக்கும் புது இணைப்பே திறந்துவிடலாமே" என்று ஒரு டெவலப்பர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். புரோகிராமும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபியின் 1.0 விதிமுறை 1996இல் வெளியானபோது அப்படித்தான் இருந்தது: ஒரு கோரிக்கை, ஒரு பதில், இணைப்பு மூடப்படும். அது கட்டுப்படியாகாது என்று கண்டுதான் மறு ஆண்டே வந்த 1.1இல் இணைப்பைத் திறந்தே வைப்பதை இயல்பாக்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கடையிலிருந்து எங்கள் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப 40 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை இணைப்பான டிசிபியைத் திறக்க ஒரு நடை, அதாவது ஒருமுறை போய்த் திரும்புதல். அதன் மேல் செய்தியைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ், பழைய 1.2 என்றால் பூட்டுச் சாவி பேசி முடிக்க இன்னும் இரண்டு நடை. கோரிக்கை கிளம்பும் முன்பே 120 மில்லி விநாடி போயிற்று. ராத்திரி 5,000 பொருளின் விலையை ஒவ்வொன்றாகக் கேட்டால் கதவைத் திறப்பதற்கு மட்டுமே 10 நிமிடம். டிஎல்எஸ் 1.3இல் ஒரு நடை குறையும், அப்போதும் ஆறரை நிமிடத்துக்கு மேல். ஒரே இணைப்பில் கேட்டால் இந்தச் செலவு ஒரு தடவைதான். ஆயிரம் கோரிக்கைக்கு ஒருமுறை எங்கள் சர்வர் இணைப்பைத் தானே முடித்துக்கொள்ளும். அதைக் கடைசிப் பதிலிலேயே சொல்லிவிடும் என்பதால் அதில் பிழை வராது.

ஒரே இணைப்பைத் திரும்பப் பயன்படுத்த நீங்கள் தனியாக எதையும் கேட்க வேண்டியதில்லை. இருப்பதைத் தூக்கி எறியாமல் இருந்தால் போதும். நாங்கள் பார்த்த புரோகிராம்களில் பாதிக்கு மேல் தெரியாமலே எறிந்துகொண்டிருந்தன. பைத்தானில் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியின் 'கெட்'டை லூப்புக்குள் நேரடியாக அழைத்தால் ஒவ்வொரு தடவையும் புது இணைப்புதான். லூப்புக்கு வெளியே ஒரு செஷனை உருவாக்கி அதன் வழியாகக் கேளுங்கள். பிஎச்பியில் கர்ல் ஹேண்டிலை லூப்புக்குள் உருவாக்கி உருவாக்கி மூடாமல் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். சி ஷார்ப்பில் எச்டிடிபி கிளையன்ட்டும் அப்படியே.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பதிலைக் கடைசி பைட் வரை படித்தால்தான் அந்த இணைப்பு அடுத்த வேலைக்குத் தயாராகும். '404' (கேட்டது இங்கே இல்லை) என்று கண்டதும் மிச்சத்தைப் படிக்காமல் விட்டுவிடும் புரோகிராமில், பாதி படித்த பதில் குழாயிலேயே கிடக்கும், லைப்ரரி வேறு இணைப்பைத் திறக்கும். கோ மொழியிலும், பைத்தானில் ஸ்ட்ரீம் முறையிலும் இதை நிறையப் பார்த்தோம்.

இனி, இரட்டை ஆர்டர். மூடாத இணைப்பு எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் ஒருநாள் நடுவில் அறுந்துவிடும். நாங்கள் சர்வரை மாற்றி ஏற்றுவோம், உங்கள் கடையின் மோடம் அணைந்து எரியும். இருப்பு கேட்கும்போது அறுந்தால் கவலையே இல்லை, மறுபடி கேளுங்கள், எத்தனை தடவை கேட்டாலும் எதுவும் மாறாது. ஆர்டர் போடும்போது அறுந்தால் அப்படியில்லை. எங்களுக்கு வந்து சேராமல் அறுந்ததா, பதிவான பிறகு பதில் மட்டும் வராமல் அறுந்ததா என்பது உங்கள் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. பெரும்பாலான லைப்ரரிகள் இதனால்தான் ஆர்டர் போன்றவற்றைப் பதிவு செய்யும் 'போஸ்ட்' கோரிக்கையைத் தாமாக மறுபடி அனுப்புவதில்லை. அந்த வாடிக்கையாளரின் புரோகிராமில், பிழை வந்தால் மூன்று தடவை முயற்சி செய் என்று எல்லாக் கோரிக்கைக்கும் பொதுவாக எழுதியிருந்தது. எழுதியவர் மேல் தப்பு சொல்ல மாட்டோம். அதைத் தாங்கும்படி எங்கள் ஏபிஐ (உங்கள் புரோகிராம் எங்கள் சர்வரோடு பேசும் வாசல்) இருந்திருக்க வேண்டும்.

இப்போது அதைச் செய்துவிட்டோம். ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பக்கமே ஒரு தனி எண்ணைக் கொடுத்து, அதைக் கோரிக்கையின் தலைப்பு வரியில் (ஹெடரில்) சேர்த்து அனுப்புங்கள். முயற்சி எத்தனையானாலும் எண் அதேதான் இருக்க வேண்டும், மறுமுயற்சிக்குப் புது எண் போட்டுவிடாதீர்கள். அதே எண் இரண்டாவது தடவை வந்தால் நாங்கள் புது ஆர்டர் போடாமல், முதலில் கொடுத்த பதிலையே திருப்பித் தருவோம். தலைப்பின் பெயரும் மாதிரி நிரலும் உங்கள் கணக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

எண் இல்லாத ஆர்டர்களைப் பொங்கல் வரை ஏற்போம், அப்புறம் ஏற்க மாட்டோம். மாற்றத் தெரியவில்லை என்றால் கோரிக்கை அனுப்பும் பகுதியை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள், கடவுச்சொல்லை எடுத்துவிட்டு. பார்த்துத் திருத்தித் தருகிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
ஏபிஐ பராமரிப்புக் குழுவினர்