தூங்குகிற பிள்ளையை மடித்து வைக்க முடியாது: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பூங்காவின் குட்டி ரயிலில் ஏற முடியாமல் போனது பற்றிய என் புகாருக்கு நீங்கள் அனுப்பிய மூன்று வரிப் பதில் கிடைத்தது. முதல் வரியில் வருத்தம் தெரிவித்திருந்தீர்கள். மூன்றாவது வரியில் மீண்டும் வருக என்று அழைத்திருந்தீர்கள். இரண்டுக்கும் நன்றி. நடுவில் இருந்த வரிதான் என்னை மறுபடி எழுத வைத்திருக்கிறது: பூங்காவைச் சுற்றி வரும் குட்டி ரயில் ஒரு கேளிக்கை அம்சமாம், போக்குவரத்து வசதி இல்லையாம்.

அப்படியென்றால் வாசலில் நீங்கள் கையில் கொடுத்த மேப்பில் அதன் நான்கு நிறுத்தங்களும் கழிப்பறை, முதலுதவி அறை, குடிதண்ணீர் ஆகியவற்றோடு 'வசதிகள்' என்ற தலைப்பின் கீழ் எப்படி வந்தன? அந்த மேப் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். நிறுத்தத்தில் இருந்த பணியாளர் குறித்துக்கொண்டார், வெளியே வரும்போது நானும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் புகார்ப் படிவத்தில் நான்கு கோடுகள்தான் இருந்தன. 'கடைசி ரயிலைத் தவறவிட்டார்' என்று உங்கள் பதிவில் இருக்கும் என்று நினைக்கிறேன். எப்படித் தவறவிட்டேன் என்பதை மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மாலை 5.50. பூங்காவின் பின்கோடி நிறுத்தம். மகனுக்கு மூன்றரை வயது, எடை 15 கிலோ. அவனோடு நான் ஒருத்திதான். மத்தியானத்திலிருந்து "ரயில்ல போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவன், நிறுத்தத்துக்கு வந்து சேரும்போது ஸ்ட்ரோலரில் (குழந்தைத் தள்ளுவண்டியில்) தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். ரயில் வந்தது. ஏறப் போனபோது பணியாளர் சொன்னார்: "மேடம், ஸ்ட்ரோலரை மடிச்சாத்தான் ஏத்த முடியும்."

இந்த விதியை எழுதியவர் ஒரு தடவையாவது இதைத் தனியாகச் செய்து பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பிள்ளை உள்ளே இருக்கும்போது ஸ்ட்ரோலரை மடிக்க முடியாது. ஆகவே முதலில் பெல்ட்டைக் கழற்றி, தலை தொங்கிவிடாமல் பிடித்து, அவனைத் தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டேன். அவன் பாரம் நீங்கிய மறு நொடி, கைப்பிடியில் மாட்டியிருந்த பையின் கனத்துக்கு வண்டி அப்படியே மல்லாந்தது. கீழ்க் கூடையில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு தண்டவாளத்துக்குள் விழுந்தது. வண்டியை நிமிர்த்தினேன். பையைக் கழற்றித் தரையில் வைத்தேன். கூடையில் இருந்த டயப்பர், மாற்றுத்துணி, துண்டு எல்லாவற்றையும் எடுத்து அதன்மேல் குவித்தேன். மேல்மூடியைப் பின்னால் தள்ளினேன். அப்புறம் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் லாக்கைக் காலால் அமுக்கிக்கொண்டே, கைப்பிடியின் இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும், ஒரே நேரத்தில். எனக்கு மிச்சம் இருந்தது ஒரு கை.

பணியாளர் நல்ல பையன். உதவத்தான் நினைத்தான். ஆனால் விருந்தினரின் உடைமைகளைத் தொடக் கூடாது என்று அவனுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். முழங்காலால் ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தேன். வண்டி பாதி மடங்கி நின்றுகொண்டது. அந்தச் சத்தத்தில் மகன் விழித்துவிட்டான். ரயில் மணி அடித்தது, கிளம்பியது.

"அடுத்தது எப்போ?" என்றேன்.

"அதுதான் மேடம் கடைசி."

மணி ஆறு. பூங்கா மூடுவது எட்டு மணிக்கு. கடைகள் எட்டு வரை திறந்திருக்கும், ராட்டினங்கள் எட்டு வரை சுற்றும், ரயில் மட்டும் ஆறு மணிக்குப் படுத்துவிடும். பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துபோவது சரியாக அந்த நேரத்தில்தான் என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. உங்கள் வாசலில் ஏழு மணிக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும்.

என் கோரிக்கை இரண்டே இரண்டு. ரயிலில் ஒரு பெட்டியிலாவது ஸ்ட்ரோலரை மடிக்காமல் ஏற்ற விடுங்கள். பூங்கா மூடும்வரை அந்த ரயிலை ஓட்டுங்கள்.

மீதிக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். அங்கிருந்து வாசல் 1.7 கிலோமீட்டர் என்று போன் காட்டியது. கைவீசி நடக்கும் பெரியவருக்கு இருபத்தைந்து நிமிடம்கூட ஆகாது. எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. தூக்கம் கெட்டு எழுந்த பிள்ளை வண்டியில் உட்கார மாட்டான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "ரயில் போயிடுச்சு" என்று ஒரே அழுகை. அப்புறம் "அம்மா தூக்கு". ஒரு கையில் அவன், மறு கையில் காலி வண்டி. ஒற்றைக் கையால் தள்ளினால் ஸ்ட்ரோலர் நேராகப் போகாது, ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். பழைய காலத்துத் தெரு மாதிரி இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் உருண்டைக் கற்களைப் பதித்திருக்கிறீர்களே, அங்கே அதன் முன்சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் மாட்டிக்கொண்டு நின்றது. பாலத்தில் படிக்கட்டு. சாய்தளம் இருக்கிறது, உண்மைதான், ஆனால் குளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதையும் சுற்றி வந்தால் ஊர்வலத்துக்காகப் பிரதான பாதையில் கயிறு கட்டியிருந்தார்கள். பொம்மை வேடமிட்டவர்கள் ஆடிக்கொண்டு போய் முடியும்வரை கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். அந்த ஊர்வலம் பிள்ளைகளுக்காகத்தான் என்று ஒலிபெருக்கி சொன்னது. என் பிள்ளை அதைப் பார்க்காமல் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

'கேளிக்கை அம்சம்' என்ற உங்கள் வரிக்கு வருகிறேன். டிஸ்னிலாந்து 1955 ஜூலையில் திறந்தபோதே அதைச் சுற்றி ரயில் ஓடியது. 1959-இல் அங்கே மோனோரயில் வந்தது. அதுவும் முதலில் ஒரு வேடிக்கைச் சவாரியாகத்தான் இருந்தது. இரண்டே வருடத்தில், 1961-இல், பாதையைப் பக்கத்து விடுதிவரை நீட்டினார்கள். அன்றிலிருந்து அது ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய் விடும் வண்டியும் ஆகிவிட்டது. ஃப்ளோரிடாவில் டிஸ்னி 1971-இல் திறந்த பூங்காவில் கார் நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு ஏரியே இருக்கிறது. ஜனங்கள் மோனோரயிலிலும் பெரிய படகிலும் அதைக் கடக்கிறார்கள். இரண்டிலும் ஸ்ட்ரோலரை விரித்தபடியே தள்ளிக்கொண்டு ஏறலாம்.

அங்கேயும் பேருந்தில் மடிக்கத்தான் சொல்கிறார்கள், பூங்காவைச் சுற்றும் நீராவி ரயிலிலும் அப்படித்தான். இதை நீங்கள் எடுத்துக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கும் விதிகள் உண்டு. 2019 மே முதல் 79 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரோலருக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆனால் அதை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். படித்துவிட்டு அதற்கேற்ற வண்டியோடு போகலாம். உங்கள் விதி எனக்குத் தெரிய வந்தது ரயில் வந்து நின்ற பிறகு.

மடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது என்பதும் தெரியும். திறந்த பெட்டி, வளைவில் வண்டி உருண்டுவிடலாம். அவசரமாக இறங்க வேண்டி வந்தால் வழியை அடைக்கும். நியாயம். ஆனால் உங்கள் ரயிலின் கடைசிப் பெட்டியில் சக்கர நாற்காலிக்காக இருக்கைகள் இல்லாத ஓர் இடம் இருக்கிறது. ஏற சாய்பலகை இருக்கிறது, சக்கரத்தைக் கட்டிவைக்கப் பட்டை இருக்கிறது. அன்று அந்த இடம் காலியாகத்தான் போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் இடம் அவருக்குத்தான். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. பிரிட்டனில் 2012-இல் ஒரு பேருந்தில் இதே சிக்கல் வந்தது. சக்கர நாற்காலிக்கான இடத்தில் ஒரு தாய் தூங்கும் குழந்தையோடு தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தார். நகர மறுத்தார். நாற்காலியில் வந்தவர் ஏற முடியாமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 2017-இல் தீர்ப்பு வந்தது. ஓட்டுநர் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, இடத்தை விடச் சொல்லி இன்னும் அழுத்தம் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தாயின் இடத்தில் நான் இருந்தால் இறங்கியிருப்பேன், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பேன். ஆனால் காத்திருப்பதற்கு அடுத்த வண்டி என்று ஒன்று இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது கோரிக்கையை முதலாவதோடு சேர்த்தே கேட்கிறேன்.

இந்த இடத்தில் மனதில் இருக்கும் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். டிக்கெட் கவுண்டரில் மகனைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தார்கள். 96 சென்டிமீட்டர். 90-ஐத் தாண்டியதால் அவனுக்கும் டிக்கெட். உள்ளே போனால், ரைடுக்கு ரைடு இன்னொரு அளவுகோல். 102 சென்டிமீட்டர் இல்லையென்றால் ஏற்ற மாட்டார்களாம். அது பாதுகாப்பு விதி, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரே பூங்காவில் ஒரே நாளில் என் பிள்ளை பணம் கட்டும் அளவுக்கு வளர்ந்தவனாகவும் சவாரி செய்யும் அளவுக்கு வளராதவனாகவும் இருந்தான். அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் அவனுக்கென்று நீங்கள் வைத்திருந்தவை மூன்று குட்டி ராட்டினங்கள், ஒரு மணல்தொட்டி, அப்புறம் அந்த ரயில். மூன்று ராட்டினங்களும் பூங்காவின் மூன்று மூலைகளில் இருக்கின்றன. வேறு சில பூங்காக்களில் பெற்றோரில் ஒருவர் குழந்தையோடு நிற்க, இன்னொருவர் சவாரி முடித்து வந்ததும் மறுபடி வரிசையில் நிற்காமலே இடம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. உங்களிடம் அதுவும் இல்லை. ஒவ்வொரு ரைடிலிருந்தும் வெளியே வரும் வழி மட்டும் தவறாமல் பொம்மைக் கடைக்குள் புகுந்துதான் போகிறது. அந்தக் கடைகளில் அலமாரிகளுக்கு நடுவே ஸ்ட்ரோலர் தாராளமாகப் போகிறது. அதை அளந்து பார்த்துத்தான் கட்டியிருக்கிறீர்கள்.

மன்னிக்கவும். பேச்சு எங்கேயோ போகிறது. நான் கேட்க வந்தது ரயிலை.

புது ரயில் வாங்கச் சொல்லவில்லை. தண்டவாளத்தை நீட்டச் சொல்லவில்லை. இருக்கிற கடைசிப் பெட்டியில், இருக்கிற இடத்தில், சக்கர நாற்காலி வராத நேரங்களில் ஒரு ஸ்ட்ரோலரை மடிக்காமல் கட்டி வைக்க அனுமதியுங்கள். ரயில் பூங்காவோடு சேர்ந்து எட்டு மணிக்கு நிற்கட்டும். அதுவும் முடியாதென்றால், கடைசி ரயில் ஆறு மணிக்கு என்பதையாவது மேப்பில் ரயில் படத்துக்குப் பக்கத்தில் அச்சடியுங்கள். நான்கு மணிக்கே நடையைத் திருப்பியிருப்பேன். பணியாளர்களிடமும் ஒன்று சொல்லுங்கள்: கையில் பிள்ளையோடு நிற்பவர் கேட்டால் ஸ்ட்ரோலரைத் தொடலாம் என்று. அந்தப் பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது எனக்கிருந்த சங்கடத்தைவிட அவனுக்கிருந்தது அதிகம்.

இந்தத் தடவை பதில் எழுதும்போது 'கேளிக்கை அம்சம்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, முடியும் அல்லது முடியாது, முடியாதென்றால் ஏன் என்று எழுதும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன். மூன்று வரியே போதும்.

இப்படிக்கு,
அன்று 5.50-க்குப் பின்கோடி நிறுத்தத்தில் நின்ற ஒரு தாய்

பி.கு.: குளத்தைச் சுற்றி வரும்போது மகனின் வலது கால் ஷூ எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. நீல நிறம், வெல்க்ரோ பட்டை, சின்னதாக ஒரு ரயில் படம் போட்டிருக்கும். புகார்ப் படிவத்தில் அதையும் எழுதியிருந்தேன். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கிடைத்திருந்தால் சொல்லுங்கள், இடது கால் ஷூவை இன்னும் வைத்திருக்கிறோம்.