செயலாளர் ஆண்டறிக்கை: ஒப்புதல் நடைமுறையை மென்பொருளில் அமைத்தல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களில் தலைப்பு தலைப்பாகத் தொட்டுவிட்டுப் போகாமல், ஒரு விஷயத்தை எடுத்து அடிவரை பார்க்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டிருந்தீர்கள். செயற்குழு எடுத்துக்கொண்ட விஷயம், வணிக நிர்வாக மென்பொருளில் ஆவண ஒப்புதலை அமைப்பது. நம் உறுப்பினர்களில் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் உண்டு, கொள்முதல் பார்ப்பவர்கள் உண்டு, ஸ்டோர்ஸில் இருப்பவர்கள் உண்டு, மென்பொருளைப் பராமரிப்பவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான தலைவலி இது ஒன்றுதான். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும். உறுப்பினர் சேர்க்கை, சந்தா, வரவு செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் வருகின்றன. செயற்குழு மாதந்தோறும் கூடியது, தீர்மானங்கள் பதிவேட்டில் உள்ளன.

முதல் கூட்டங்களில் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் யார் கையில் பிறந்து, யார் யார் கண்ணில் பட்டு, எங்கே முடிகிறது என்று ஒவ்வொருவரும் தங்கள் அலுவலக நடப்பைத் தாளில் வரைந்தார்கள். வரைய பிபிஎம்என் குறியீடுகளைப் பயன்படுத்தினோம், அதாவது வேலை நகரும் வரிசையைப் படமாகக் காட்டும் பொதுக் குறிகளை. அதன் 2.0 பதிப்பு 2011-இல் வந்தது, 2013-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. முழுவதையும் கற்க வேண்டிய அவசியமில்லை. வேலைக்கு ஒரு கட்டம், முடிவெடுக்கும் இடத்துக்கு ஒரு சாய்சதுரம், இந்த இரண்டுமே போதுமாக இருந்தன. வரைந்து முடித்ததும் பலருடைய தாளில் கட்டங்கள் வரிசையாக நின்றன, சாய்சதுரம் ஒன்றுகூட இல்லை. எல்லா ஆவணமும் எல்லோரிடமும் போகிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

நான் இந்த அறிக்கையில் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எது ஒப்புதலுக்குப் போக வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு மேலாளரிடம் நாள் முழுக்க ஒப்புதல் கோரிக்கைகள் வந்து குவிந்தால் அவர் எதையும் படிக்க மாட்டார். வரிசையாகத் தேர்ந்தெடுத்து மொத்தமாக ‘சரி’ கொடுத்துவிடுவார். அப்போது பதிவில் ஒப்புதல் இருக்கும், பார்வை இருக்காது. வழக்கமான சப்ளையர், ஒப்பந்த விலை, வரம்புக்குள் தொகை என்றால் அந்த ஆர்டர் நேராகப் போகட்டும். விலை மாறியிருந்தால், புது சப்ளையராக இருந்தால், வாடிக்கையாளர் கடன் வரம்பைத் தாண்டியிருந்தால், தள்ளுபடி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும் நிறுத்திக் கேட்கட்டும். அப்படி வரும் நான்கைந்து ஆவணங்களை எந்த மேலாளரும் திறந்து பார்ப்பார்.

அடுத்து மென்பொருளுக்கு வந்தோம். எஸ்ஏபி பிசினஸ் ஒன் என்ற வணிக நிர்வாக மென்பொருளில் முதலில் ஸ்டேஜ் அமைக்க வேண்டும், பிறகு டெம்ப்ளேட். ஸ்டேஜில் ஒப்புதல் தருபவர்களின் பெயர்களும், எத்தனை ஒப்புதல் வந்தால் நகரும், எத்தனை மறுப்பு வந்தால் நிற்கும் என்ற எண்களும் இருக்கும். ஆவணத்தை உருவாக்குபவர் யார், எந்த வகை ஆவணம், எந்த ஸ்டேஜ்கள், என்ன நிபந்தனை என்பதெல்லாம் டெம்ப்ளேட்டில். மொத்தத் தொகை, தள்ளுபடி விழுக்காடு, கடன் வரம்பு போன்ற நிபந்தனைகள் அதிலேயே தயாராக இருக்கின்றன. அதற்கு மேல் வேண்டுமானால் நாமே ஒரு குவெரி (தரவுத்தளத்திலிருந்து விவரம் கேட்கும் கட்டளை) எழுதிச் சேர்க்கலாம்.

இதில் அதிகம் பேர் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. பயிற்சித் தளத்தில் ஓர் உறுப்பினர் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு ‘ஆட்’ (சேர்) பொத்தானை அழுத்தினார். ஒப்புதல் தேவை என்று சிறு ஜன்னல் வந்தது, குறிப்பு எழுதி ஓகே கொடுத்தார், ஆவணம் டிராஃப்டாக, அதாவது வரைவாக, நின்றது. பக்கத்து மேசையில் இருந்தவருக்குத் தகவல் போனது, அவரும் திறந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தார். இருவரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். ஆர்டர் பட்டியலைத் திறந்தால் அங்கே எதுவுமில்லை. வழக்கமான அமைப்பில், ஒப்புதல் வந்த டிராஃப்டை உருவாக்கியவரே மறுபடி திறந்து ‘ஆட்’ கொடுத்தால்தான் அது ஆவணமாகிறது. ‘ஒப்புதல் ஆகிவிட்டது, ஆனால் சப்ளையருக்கு ஆர்டர் போகவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கடைசி அழுத்தல்தான் விடுபட்டிருக்கும். ஆகவே ஒப்புதல் நிலை அறிக்கையைத் தினமும் காலையில் ஒருவர் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ஓடூ என்ற மென்பொருளில் கொள்முதல் ஒப்புதல் இதைவிட எளிது. செட்டிங்ஸில் ஒரு குறைந்தபட்சத் தொகையை வைத்துவிட்டால், அதற்கு மேற்பட்ட ஆர்டர்கள் கொள்முதல் மேலாளரின் ஒப்புதலுக்காக நிற்கும், மற்றவை நேராகப் போகும். சிறிய அலுவலகத்துக்கு இதுவே தாராளம்.

இஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் வேறு வகை. அதில் ஆவணத்துக்கு 0, 1, 2 என மூன்று நிலைகள்: டிராஃப்ட், சமர்ப்பித்தது, ரத்து. நாம் வைக்கும் ஒவ்வொரு ஒர்க்ஃப்ளோ (ஆவணம் கைமாறிச் செல்லும் வழி) நிலையும் இந்த மூன்றில் ஒன்றோடு இணைய வேண்டும். சமர்ப்பித்த ஆவணத்தை மறுபடி டிராஃப்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதால், திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவதெல்லாம் சமர்ப்பிப்பதற்கு முன்பே நடக்கும்படி வரைய வேண்டும். ஓர் ஆவண வகைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒர்க்ஃப்ளோதான் செயல்படும்.

நம் சங்கத்தின் செலவுச் சீட்டுகளையே இதில் அமைத்துப் பார்த்தோம். பொருளாளர் சீட்டு போடுவார், செயலாளர் சரிபார்ப்பார், செயற்குழு வைத்த வரம்பைத் தாண்டினால் தலைவரிடம் போகும். சோதனையின்போது ஓர் உறுப்பினர் கேட்டார்: “செயலாளரே ஒரு சீட்டு போட்டால் என்ன ஆகும்?” போட்டுப் பார்த்தோம். செயலாளர் போட்ட சீட்டைச் செயலாளரே சரிபார்த்து அனுப்ப முடிந்தது. தன் ஆவணத்துக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்ற டிக், ஒவ்வொரு நகர்விலும் இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்ட பிறகுதான் சங்கத்தின் உண்மையான சீட்டுகளை உள்ளே கொண்டுவந்தோம். கேள்வி கேட்ட உறுப்பினருக்குச் செயற்குழுவின் தனிப்பட்ட நன்றி.

விடுப்பு பற்றிய கூட்டத்தில்தான் விவாதம் சூடாக இருந்தது. ஒப்புதல் தருபவர் விடுப்பில் போனால் என்ன செய்வது? பல இடங்களில் நடப்பது, அவருடைய பாஸ்வேர்டை இன்னொருவர் வைத்திருப்பது. இதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். யார் ஒப்புதல் தந்தார் என்ற பதிவே அத்துடன் பொய்யாகிவிடுகிறது. ஒரு ஸ்டேஜில் இரண்டு பேரை வைத்து, ஒருவர் ஒப்புதல் போதும் என்று எண்ணை 1 ஆக வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பங்கின் (கணக்காளர், மேலாளர் போன்ற பொறுப்பின்) அடிப்படையில் உரிமை தரும் மென்பொருளில் இன்னும் எளிது, அந்தப் பங்கை இன்னொருவருக்கும் கொடுத்தால் போதும். ஆளுக்கு அல்லாமல் பங்குக்கு அனுமதி என்ற இந்த முறையை ஃபெராயோலோ, கூன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவரும் 1992-லேயே ஆய்வுக் கட்டுரையாக முறைப்படுத்தி எழுதிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் அலுவலகங்களில் தனி ஆளின் பெயரில் கட்டிவைப்பது தொடர்கிறது.

தொகை வரம்பு வைத்தால், ஒரே வாங்குதலை இரண்டு மூன்று ஆர்டராக உடைத்து வரம்புக்குக் கீழே கொண்டுவரும் பழக்கமும் கூடவே வரும். ஒரே சப்ளையருக்கு அண்மையில் போன ஆர்டர்களைக் கூட்டிப் பார்க்கும் ஒரு குவெரியை நிபந்தனையாக வைப்பதே இதற்கு வழி. குவெரி எழுதத் தெரியாதவர்கள் வாராந்திர அறிக்கை ஒன்றாவது எடுத்துப் பார்க்கலாம். அப்புறம், ஆர்டருக்கும் பில்லுக்கும் ஒப்புதல் வைக்கும் பலர், சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவதைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். சப்ளையர் பெயரில் போலி மெயில் அனுப்பி, ‘எங்கள் கணக்கு மாறிவிட்டது’ என்று சொல்லிப் பணத்தைத் தங்கள் பக்கம் திசைதிருப்பும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. எல்லா ஆவணமும் முறைப்படி ஒப்புதல் பெற்றிருக்க, பணம் மட்டும் வேறு கணக்குக்குப் போய்விடும். இந்த ஒரு மாற்றத்துக்கு இரண்டாவது ஆள் பார்த்தே ஆக வேண்டும். பழைய தொலைபேசி எண்ணில் சப்ளையரை அழைத்துக் கேட்ட பிறகே அவர் ஒப்புதல் தர வேண்டும்.

ஒப்புதல் கிடைத்த பிறகு தொகையை மாற்றினால் உங்கள் மென்பொருள் மறுபடி கேட்கிறதா என்பதையும் ஒவ்வொருவரும் தங்கள் பயிற்சித் தளத்தில் சோதிக்க வேண்டும் என்று வேலை கொடுத்திருந்தோம். செய்தவர்கள் சிலர். மற்றவர்கள் இந்த மாதத்துக்குள் செய்துவிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன், இது தள்ளிப்போடக் கூடியதல்ல.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு விஷயங்களை முன்வைக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அடுத்த தலைப்பாக எடுத்துக்கொள்வது ஒன்று. உறுப்பினர்கள் வரைந்த ஒப்புதல் வரைபடங்களை, அலுவலகப் பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு கோப்பாகத் தொகுத்துப் புது உறுப்பினர்களுக்குத் தருவது மற்றொன்று.

கூட்டங்களுக்கு இடமும் கணினிகளும் தந்து உதவிய உறுப்பினர்களுக்கும், பயிற்சித் தளத்தை அமைத்துத் தந்த இளைஞர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொண்டு, மேற்கண்ட இரண்டு முன்மொழிவுகளையும் விவாதத்துக்கு எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்