என் பெயரை நானே சொன்ன நாள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

நடிகர் புரூஸ் கேம்ப்பெல் தம் தன்வரலாற்று நூலில் வாசகர்களுக்குக் கையெழுத்திட்டுத் தந்த நிகழ்ச்சியில், அவருக்கு முன்னால் நான் நின்ற நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அந்த ஒரு நிமிடம் எனக்கு வாய்க்கக் காரணமானவர்கள் பலர். அன்று இருந்த படபடப்பில் அவர்களில் பாதிப் பேருக்குக்கூட முறையாக நன்றி சொல்ல இயலவில்லை. வாயால் சொல்வதைவிட எழுதிச் சொல்வது எனக்கு எப்போதும் எளிது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய் உண்டு. வயது வந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. எங்களில் பலருக்கு எல்லாச் சொற்களிலும் கடினமான சொல், சொந்தப் பெயர்தான். வேறு எந்தச் சொல் தொண்டையில் நின்றுவிட்டாலும் அதே பொருள் தரும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடலாம். பெயருக்கு அப்படி ஒரு மாற்றுச் சொல் இல்லை. கையெழுத்து வாங்கப் போகும் இடத்திலோ முதலில் கேட்கப்படுவதே பெயர்தான்.

அப்படியிருந்தும் நான் போக விரும்பியதற்குக் காரணம், பதினான்காம் வயதில் ஒரு பழைய வீடியோ கேசட்டில் பார்த்த ‘தி ஈவில் டெட்’ திரைப்படம். 1981இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட அந்தப் படத்தைப் பேய்ப்படம் என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் அதில் கண்டது கேம்ப்பெல் நடித்த ஆஷ் என்ற இளைஞனை. காட்டுக்குள் இருக்கும் மரவீட்டில் நண்பர்கள் ஒவ்வொருவராகப் பேயின் பிடியில் விழும்போது, அவன் பாய்ந்து சென்று போராடுவதில்லை. செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தும் கை கால் அசையாமல் நிற்கிறான். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில், வெட்டுண்ட கையில் சங்கிலி ரம்பத்தைப் பொருத்திக்கொண்டு அவன் நிற்கும் தோற்றம்தான் உலகெங்கும் புகழ்பெற்றது என்றாலும், என் மனத்தில் தங்கியவன் முதல் படத்தில் உறைந்து நிற்கும் அந்த ஆஷ்தான். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, வெளியே ஒன்றும் நகராத அந்த நிலை எப்படிப்பட்டது என்பது எனக்கு அன்றாடம் தெரிந்த ஒன்று. அவனும் ஒரு நாயகனாக இருக்கலாம் என்று அந்தப் படம் எனக்குச் சொன்னது.

முதல் நன்றி என் தோழருக்கு. நிகழ்ச்சி பற்றிய அறிவிப்பைப் பார்த்தவரும், நான் தயங்கித் தயங்கி நாளைக் கடத்திக்கொண்டிருக்கையில் எனக்கும் சேர்த்து அனுமதிச் சீட்டு வாங்கியவரும் அவர்தான். உனக்காக நான் பேசுகிறேன் என்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததற்காகவே தனியாக ஒரு நன்றி.

அடுத்து, என் பேச்சுப் பயிற்சியாளருக்கு. இரண்டு வாரம் அவர் அறையில் ஒரு மேசையைக் கையெழுத்து மேசையாக்கிக்கொண்டு, அவர் எதிரில் உட்கார, நான் நடந்து சென்று பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். திக்காமல் சொல்ல வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. “எனக்குத் திக்கும், சற்றுப் பொறுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மறைக்க வேண்டிய பாரம் இறங்கிவிடும் என்று கற்பித்தார். மூச்சை மெல்ல விட்டபடியே முதல் எழுத்தைத் தொடங்கவும் அவர்தான் பழக்கினார்.

நிகழ்ச்சி நடந்த புத்தகக் கடையின் ஊழியர்களுக்கும் நன்றி. அவர்களில் ஓர் அம்மையார் வரிசை நெடுகிலும் நடந்து வந்து, ஒவ்வொருவர் பெயரையும் சிறு ஒட்டுச்சீட்டில் எழுதி, நூலின் தலைப்புப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். எழுதுகிறவர் எழுத்துக்கூட்டிக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் வரிசை விரைவாக நகர்வதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. எனக்கோ, கேட்காமலே கிடைத்த விடுதலை போல் இருந்தது. சீட்டை நீட்டினால் போதும், வாய் திறக்கவே வேண்டாம். ஐந்து நிமிடம் அந்த மஞ்சள் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதை உரித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதைக் கவனித்த அந்த அம்மையார் காரணம் கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

எனக்குப் பின்னால் நின்ற பெண்மணிக்கும் நன்றி சொல்ல வேண்டும். ‘தி ஈவில் டெட்’ 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டது என்பதையும், பணம் தீர்ந்தபோது அதை முடிக்க கேம்ப்பெல் தம் குடும்பச் சொத்தைப் பிணையாக வைத்தார் என்பதையும் அவர்தான் சொன்னார். சர்க்கரைப் பாகில் செய்த போலி இரத்தம் காய்ந்து, நடிகரின் சட்டை அட்டைபோல் விறைத்து உடைந்த கதையையும் நாங்கள் பகிர்ந்துகொண்டோம். அவரிடம் பேசியபோது எத்தனை முறை திக்கினேன் என்று நான் எண்ணவே இல்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஒத்திகை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நிறைவாக, திரு. கேம்ப்பெல் அவர்களுக்கு. நான் முன்சொல்ல நினைத்த வாக்கியமே நடுவில் நின்றுவிட்டது. பெயரின் முதல் எழுத்தில் உதடு பூட்டிக்கொண்டது. பின்னால் நூறு பேருக்குமேல் காத்திருந்தார்கள். இத்தகைய நேரத்தில் நல்ல மனம் படைத்தவர்கள்கூடச் சொல்லை எடுத்துக்கொடுப்பார்கள், அல்லது சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பரிவு காட்டும் முகபாவம் எதுவும் இல்லை. அடுத்து வரப்போகும் சொல்லைக் கேட்கும் ஆர்வம் மட்டும் இருந்தது. பெயர் வந்தது. உறைந்து நிற்கும் ஆஷைப் பார்த்துத்தான் நான் தைரியம் பெற்றேன் என்பதையும் எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் எழுந்து கை கொடுத்தார்; பிறகு உட்கார்ந்து எழுதினார்.

மை காயும் முன் நூலை மூடிவிடாதீர்கள் என்று ஊழியர் எச்சரித்திருந்ததால், விரித்த பக்கத்தை இரு கைகளிலும் ஏந்தியபடி ஓரமாக வந்து நின்றேன். அப்போதுதான் கவனித்தேன்: என் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. சீட்டைப் பார்த்து எழுதியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. என் வாயிலிருந்து கேட்ட பெயரை அவர் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறார். திருத்தி வாங்கிக்கொள்ளலாமே என்று தோழர் சொன்னார், வேண்டாம் என்றேன். மஞ்சள் சீட்டை இப்போது அந்தப் பக்கத்துக்கு எதிரிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

என்றும் அன்புடன்,
வரிசையில் சீட்டை உரித்தவன்