பாகப்பிரிவினைக் கணக்கில் தசமம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தைப் பாகம் பிரிக்கையில், பங்கை 1/3 என்று எழுதிவிட்டு கம்ப்யூட்டரில் 0.33 என்று தட்டுகிறார்கள். இரண்டரை ஏக்கரை மூன்று பேருக்கு இப்படிப் பிரித்தால் ஆளுக்கு 82.5 சென்ட், மொத்தம் 247.5. விடுபட்ட இரண்டரை சென்ட், அதாவது 1,089 சதுர அடி, யாருக்கு? இந்த மலையில் அதில் ஒரு வீடே கட்டிவிடலாம். பின்னமாகவே தட்டலாம் என்றால், எக்செல் 1/3-ஐத் தேதியாக்கிவிடுகிறது; 0 1/3 என்று முன்னால் சுழியும் இடைவெளியும் விட்டால்தான் பின்னமாக எடுத்துக்கொள்ளும்.

பிளஸ் டூ கணினி மாணவர்களே இதற்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிவிடலாம். தொகுதியையும் பகுதியையும் கடைசிவரை முழு எண்களாகவே வைத்து, குறுக்கே பெருக்கிக் கூட்டியோ கழித்தோ, மீப்பெரு பொதுக் காரணியால் சுருக்கினால் முடிந்தது. பைத்தானிலேயே இருக்கும் 'ஃபிராக்‌ஷன்' என்ற பின்ன வசதி இதைச் செய்துவிடும். ஆனால் 1/3 என்ற எழுத்தை ஏற்கும் அது, 2 1/2 என்ற கலப்புப் பின்னத்தைக் கொடுத்தால் பிழை என்று நின்றுவிடும். ஆகவே எழுத்தைப் பிரித்துப் படிக்கும் நிரல் துண்டை நாம்தான் எழுத வேண்டும். தகராறெல்லாம் அங்கேதான்.

-2 1/2 + 3/4 என்பதைக் கொடுத்துப் பாருங்கள். சரியான விடை -1 3/4. கழித்தல் குறியை 2-க்கு மட்டும் சேர்த்துப் படித்த நிரல் -3/4 என்று சொல்லும். குறி கலப்புப் பின்னம் முழுவதற்கும் உரியது. சரியாகப் படித்து -7/4 என்று கண்டுபிடித்த நிரலும் விடையை அச்சிடும்போது சறுக்கும்: பைத்தானின் முழு எண் வகுத்தல் கீழ்நோக்கிப் போவதால் -7-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு -2, மீதி 1; திரையில் -2 1/4 வந்து நிற்கும். குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு 7-ஐ வகுக்க வேண்டும்.

வேர்டிலிருந்து நகலெடுத்த வரியில் கழித்தல் குறி நீண்ட கோடாக இருக்கலாம். அதை முதலில் மாற்றுங்கள். ½ என்ற ஒற்றை எழுத்து இதைவிட மோசம். இப்படிப்பட்ட எழுத்தைச் சாதாரண எழுத்துகளாக உடைக்கும் யூனிகோட் சீராக்கத்தை (NFKC) அப்படியே ஓட்டினால் 2½ என்பது 21/2, அதாவது பத்தரை ஆகிவிடும்! அதற்கு முன்பே இடைவெளி விட்டு 1/2 என்று மாற்றிவிட வேண்டும்.

பத்திரத்தில் வரும் தமிழ்ச் சொற்களில் நீளமானதை முதலில் தேட வேண்டும். 'கால்' முன்னால் வந்தால் முக்காலும் அரைக்காலும் சிதைந்துவிடும். அரைக்கால் என்பது 1/8, அரையும் காலும் அல்ல. 'இரண்டரை'க்குள் 'அரை' என்று தேடினால் கிடைக்காது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை எல்லாவற்றையும் முழுச் சொல்லாகவே பட்டியலில் சேர்ப்பது நல்லது.

பகுதியில் சுழி வந்தாலோ, '3/' என்று பாதியில் நின்றாலோ நிரல் அந்த வரியைக் காட்டி நிற்க வேண்டும். சிலர் செய்வதுபோல 0 என்று போட்டுக் கூட்டிக்கொண்டே போனால், ஒருவர் பங்கு காணாமல் போனது கையெழுத்தாகும்வரை தெரியாது.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.