எஞ்சினுக்கு ஏற்ற பெயிண்ட் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் எஞ்சின் பாகங்களுக்கு வெப்பம் தாங்கும் ஸ்பிரே பெயிண்ட் வாங்குவோர் பலரும், எந்த டப்பாவில் வெப்ப அளவு பெரிதாகப் போட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். வால்வு கவர் (எஞ்சினின் மேல்மூடி), எஞ்சின் பிளாக் (எஞ்சினின் முக்கிய உடல்பகுதி) போன்றவற்றுக்குச் சுமார் 260 டிகிரி செல்சியஸ் தாங்குவதும், ஆயிலோ பெட்ரோலோ பட்டால் எளிதில் கரையாததுமான எஞ்சின் எனாமல் வகைப் பெயிண்டே போதும். 650 டிகிரி வரை தாங்கும் சிலிக்கோன் வகை, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டுக்கு உரியது. இந்த வகையைப் படிப்படியாகச் சூடேற்றி இறுகச் செய்யாவிட்டால், நகம் பட்டாலே உரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ எதுவுமே ஒட்டாது.

டப்பாவில் உள்ள அளவு தொடர்ந்து தாங்கும் வெப்பமா, சிறிது நேரம் மட்டும் தாங்கும் உச்சமா என்பது, அச்சிட்டிருந்தாலும், பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் இவ்விரண்டையும், சூடேற்றும் முறையையும் முகப்பிலேயே தெளிவாக அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்